வாற வரைக்கும்

எங்கள் வீட்டில் கறிவேப்பிலை தீர்ந்துபோனால், குளிர்பெட்டியில் கைக்கு அகப்பட்ட ஏதாவதொரு தழையை எடுத்து, "கறிவேப்பிலை வாற வரைக்கும் நீ" என்று அதற்குச் சொல்லிவிட்டுத்தான் சட்டியில் போடுவேன். மனைவி முறைப்பாள். கொத்தமல்லியோடு கதைக்கிற ஒரு மனிதனைக் கட்டிக்கொண்டோமே என்பதில் அவளுக்கு இத்தனை வருடமாகியும் சமாதானம் வரவில்லை. "ஆரிட்டைப் பழகினனீங்கள் இதை?" என்று கேட்பாள். நான் சொல்லத் தொடங்குவேன். சட்டி கருகும். அதோடு கதை நின்றுவிடும். ஆகவே அடுப்பில் சட்டி இல்லாத ஒரு நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. அவர் தன் பெயரில் வாழ்ந்த நேரம் குறைவு. யாருக்கோ, எதற்கோ பதிலாக நின்ற நேரம்தான் அதிகம். நாங்கள் எல்லோரும் அண்ணை என்போம். மட்டக்களப்புப் பக்கத்து ஆள். யாழ்ப்பாணத்தானாகிய என்னை "மனே" என்பார். முதல் நாள் அதைக் கேட்டபோது, இவர் என்னை யாரோ என்று நினைத்துவிட்டார், ஆள் மாறிப் பிடிக்கப் போகிறார்கள் என்று பயந்துபோனேன். அந்தப் பக்கத்தில் மகனே, தம்பி, அடேய் எல்லாவற்றுக்கும் அதுதான் சொல் என்று பேந்துதான் தெரிந்தது.

பயப்படுவதில் எனக்கு அந்த நாட்களில் நல்ல பெயர் இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. மொன்றியலில் ஒரு பழைய கட்டிடத்தின் நிலக்கீழ் வீட்டில் நாங்கள் கொஞ்சப் பேர் அடைந்து கிடந்தோம். எல்லோருடைய அகதி வழக்கும் எங்கோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. கதவு தட்டினால் நான் குளியலறைக்குள் போய்விடுவேன். தொலைபேசி அடித்தால் அதன் மேல் தலையணையை வைப்பேன். மெட்ரோவின் ஓடும் படிக்கட்டில் காலை வைக்க முடியாமல், ஏறுகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு நின்று, வேலைக்குப் பிந்திப்போன நாட்கள் உண்டு. என்னைக் கண்டால் பொலிஸ்காரனுக்கே பாவமாக இருக்கும்.

அண்ணை என்னைப் போல இல்லை. டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற குசினி ஒன்றில் இருவருக்கும் வேலை. நான் தட்டுக் கழுவுவேன். அவர் தட்டு நிரப்புவார். மேற்பார்வையாளர் வந்து, கரட் முடிந்தது, பட்டாணி முடிந்தது என்று தலையில் கை வைப்பார். அண்ணைக்கு மட்டும் முகம் மலரும். ஒரு பொருள் முடிந்துபோகிற இடத்தில்தான் அவருக்கு நாள் தொடங்கும்.

"இல்லை எண்டு மட்டும் சொல்லாத மனே. பதிலுக்கு என்ன இரிக்கு எண்டு பார்."

தேங்காய்ப்பாலுக்குப் பசும்பால், அதில் காய்ந்த தேங்காய்த் துருவல். முருங்கையிலைக்குப் பூங்காவில் முளைக்கிற மஞ்சள் பூச்செடியின் கீரை. பிள்ளையார் பிடிக்கச் சாணமில்லை; ஓட்ஸ் களி கிண்டிப் பிடித்தார். தலையில் செருக அறுகம்புல் இல்லை, வெங்காயத்தாள். அந்தப் பிள்ளையாரைக் கும்பிட்டபோது பசிதான் வந்தது. சித்திரை வருடப் பிறப்புக்கு மாவிலை வேண்டுமே? வெளியே மரங்களெல்லாம் இன்னும் மொட்டை. அவரோ முந்தின இலையுதிர் காலத்தில் பொறுக்கிய மேப்பிள் இலைகளைத் தொலைபேசிப் புத்தகத்துக்குள் படிய வைத்திருந்தார். வேலையால் வந்து படியிறங்கிய நான் வாசல் முழுக்கச் சிவப்பாக ஏதோ எரிவதைக் கண்டு, "நெருப்பு! நெருப்பு!" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். தோரணத்துக்குப் பயந்து ஓடிய முதல் இந்து நானாகத்தான் இருப்பேன்.

இதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. பதிலுக்கு வருகிற பொருளைக் கையில் எடுத்து, அதன் முகத்தைப் பார்த்து (வெங்காயத்தாளுக்கு எது முகம் என்று அவருக்குத் தெரியும்) மெல்லச் சொல்வார்: "அறுகம்புல்லு வாற வரைக்கும் நீ."

"ஏன் அண்ணை இதோட எல்லாம் கதைக்கிறியள்?"

"பதிலுக்கு வாற சாமானுக்கும் மனசிரிக்கு மனே. நான்தான் இனி நிரந்தரம் எண்டு நினைச்சிரும். மறுகா வரவேண்டியது வந்து நிண்டா இதுக்குக் கவலை. முதல்லயே சொல்லிப்போடணும்."

எல்லாம் வரும் என்ற நம்பிக்கையில்தான் அந்த மனிதர் நடந்தார். வெற்றிலை வரும். முருங்கை வரும். வரவேண்டிய ஆட்களும் வருவார்கள். அதுவரைக்கும் ஒன்றும் வெறுமையாக இருக்கக் கூடாது.

ஆட்களுக்குப் பதிலாக அவரே போய் நிற்பார். எங்களோடு குசினியில் வேலை செய்த ஒரு பிள்ளைக்குக் கல்யாணம். தகப்பன் ஊரில். மகளின் கையில் நீர் வார்த்து மாப்பிள்ளையிடம் கொடுக்க ஒரு தகப்பன் வேண்டும். வாடகைக்கு எடுத்த ஒரு மாதா கோயில் மண்டபத்தின் அடித்தளத்தில், இரவல் வேட்டியோடு அண்ணை நின்றார். நீரை வார்த்தார். வார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். மாப்பிள்ளைக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு அந்தப் பிள்ளை கேட்டாள்: "ஏன் அண்ணை நீங்கள் அழுதனீங்கள்?"

"உங்கட அப்பா இங்க நிண்டிருந்தா அழுதிருப்பாரெல்லே? நான் தண்ணிய மட்டும் ஊத்திப்போட்டுப் போறதா?"

எனக்குக் காய்ச்சல் வந்தபோது, "உங்கட அம்மா காச்சலுக்கு என்ன செய்வா?" என்று கேட்டார். நான் புலம்பலில் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "ஏசுவா." கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சித் தந்துவிட்டு, கட்டிலின் அருகே உட்கார்ந்து, ஒரு மணித்தியாலம் என்னை ஏசினார். தலை துவட்டத் தெரியாத எருமை என்றார். சாப்பிடுகிற நேரத்தில் ஊர் சுற்றுகிறது என்றார். மொன்றியலில் நான் ஊர் சுற்றியதே கிடையாது. ஓடும் படிக்கட்டையே தாண்டவில்லை. ஆனாலும் காய்ச்சல் இறங்கியது.

அப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு நாள் ஊரிலிருந்து தாயின் அழைப்பு வந்தது.

அண்ணைக்கு ஒரு தம்பி. முந்தின வருடம் ஒரு காலையில் மீன் வாங்கச் சந்தைக்குப் போனவன். சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது. யாரோ அதை வேலியில் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். அவ்வளவுதான். தேடாத இராணுவ முகாமில்லை. அந்தத் தம்பியைப் பற்றி அண்ணை எங்களிடம் அதிகம் சொன்னதில்லை. அவனுக்கு இடது தோள் கொஞ்சம் சரிவு, நடக்கும்போது ஒரு பக்கம் வாளி தூக்குகிறவன் போல இருக்கும் என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

தாய் பக்கத்துக் கடைப் போனில் நின்று பேசினாள். தூரத்தை நம்பாமல் கத்திப் பேசினாள், அதனால் எனக்கும் கேட்டது. தம்பி அவள் கனவில் வந்து முற்றத்தில் நிற்கிறானாம். தண்ணீர் கேட்கிறானாம். எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் ஆளில்லையாம். இது நாள் தவறாமல் நடக்கிறதாம்.

"ஐயரிட்டக் கேட்டன் மனே. உடம்பு கிடையாட்டி, தருப்பையில உடம்பு செஞ்சு எரிக்கணுமாம். வாற அமாவாசைக்கு. இங்க செய்ய ஏலா. ஆர் செத்தது எண்டு கேட்டு வருவாங்க. அப்பாவும் இல்ல. நீதான் செய்யணும் மனே. புள்ளை தண்ணி விடாயில நிக்கிறான்டா."

அண்ணை "ஓம் அம்மா" என்றார். போனை வைத்தார். அன்றைக்குச் சோறு அவர்தான் சமைத்தார். உப்பில்லை. உப்புக்குப் பதில் எதுவும் போடவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கர்க்லாண்டுக்குப் போனோம். அங்கே தமிழ்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் வீடு வைத்திருந்தார். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிப்பார். கல்யாணத்துக்கும் திவசத்துக்கும் வேறு ஐயர் கிடைக்காத எங்களுக்கு மந்திரமும் சொல்லுவார். நாங்கள் சார் என்போம். அண்ணை விஷயத்தைச் சொன்னபோது சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"எங்கிட்ட இருக்கற தர்ப்பை மோதிரம் பண்ணத்தாங்க போதும். உருவம் பண்ணணும்னா ஒரு கட்டு வேணுமே."

"பதிலுக்கு என்ன சார்?"

சார் கண்ணாடியை மறுபடி மாட்டினார். "கோரை ஆகும்னு சொல்றவங்க உண்டு. டோர்வல் ஏர்போர்ட் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வில்லோ மரச் சதுப்பு இருக்கு. நான் செடி பார்க்கப் போவேன். உள்ள பூரா கோரைதான். எடுத்து விரல் நடுவுல உருட்டிப் பாருங்க. புல்லுன்னா வழுக்கிண்டு உருளும். கோரைன்னா மூணு பக்கமும் தட்டும். அது குத்துக் குத்தா, மேடு மேடா நிக்கும். குத்து மேலயே கால வெச்சுப் போங்க. நடுவுல வெச்சீங்கன்னா முழங்கால் வரைக்கும் போயிடும்."

முழங்கால் வரைக்கும் என்று அவர் சொன்னது எனக்குக் கழுத்து வரைக்கும் என்று கேட்டது. இருந்தும் அண்ணையைத் தனியே விட மனமில்லை. உண்மையைச் சொன்னால், வீட்டில் தனியே இருக்கவும் எனக்குப் பயம்.

அமாவாசையன்று காலை வேலை முடிந்ததும் குசினியிலிருந்து நடந்தோம். அண்ணையின் பையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய கத்தி, தீப்பெட்டி, ஒரு பிடி அரிசி, சூடத்துக்குப் பதிலாக அலமாரியில் உடுப்புகளுக்கிடையில் போடும் பூச்சி உருண்டை. எள்ளுக்கு, எள் அப்பிய ஒரு பேகில். ஓட்டை போட்ட அந்த வட்டப் பாண்தான் எங்களிடம் இருந்த ஒரே எள்ளு வயல். நான் வழி முழுக்க மனதுக்குள் வாக்குமூலம் தயாரித்துக்கொண்டு வந்தேன். விமான நிலைய வேலிக்குப் பக்கத்தில், கத்தியோடும் தீப்பெட்டியோடும், வழக்கு முடியாத இரண்டு தமிழர். "ஐயா, நாங்கள் ஒரு புல்லை எரிக்க வந்தோம்." எந்த மொழியில் சொன்னாலும் இது நல்லாக இல்லை.

வேலி ஓரமாகப் போய் ஒரு சரிவில் இறங்கினோம். இறங்கியதும் வீதிச் சத்தம் நின்றுவிட்டது. யாரோ கதவைச் சாத்தியது போல.

அந்த இடத்தை எப்படிச் சொல்வது? வைகாசி மாதம். பனி உருகிய தண்ணீர் போக இடமில்லாமல் அங்கேயே தங்கி, தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. அதற்குள் இடுப்பளவு நனைந்து வில்லோக்கள் நின்றன. சில நிமிர்ந்து, சில தண்ணீருக்குள் படுத்து, படுத்த இடத்திலிருந்தே மறுபடி எழும்பி. எது மரம், எது அதன் நிழல் என்று பிரிக்க முடியவில்லை. இளம் மஞ்சளாக ஒரு தூள் தண்ணீரின் மேல் படிந்திருந்தது. காற்று தொட்ட இடத்தில் அது விலகி, வானம் தெரிந்து, மறுபடி மூடிக்கொண்டது. மரங்களுக்கு நடுவே கோரைக் குத்துகள். போன வருடத்து வைக்கோல் நிறத் தாள்கள் பாவாடை போலச் சுற்றிலும் தொங்க, நடுவிலிருந்து புதுப் பச்சை பீறிட்டு வளைந்திருந்தது. நிறையப் பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீருக்குள் உட்கார்ந்து தலை உலர்த்துவது போல இருந்தது. தவளைகள் எங்கோ ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. தலைக்கு மேல் விமானம் ஒன்று வயிறு தெரியத் தாழ்ந்து போனது. தவளைகள் நிறுத்தின. அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கின. அந்த விமானத்துக்குள் நான் கழுவிய தட்டுகள் இருந்திருக்கும். அவையே வேறு உலகத்துச் சாமான்கள் போலத் தோன்றின.

அண்ணை ஒரு குத்திலிருந்து இன்னொரு குத்துக்கு வைத்தாரே காலை, அது நடையில்லை. தூக்கத்தில் படியேறுகிறவர் போலப் போனார். நான் ஒவ்வொரு குத்திடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நாலு காலில் போனேன்.

ஒரு தாளை அறுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார். "தட்டுது மனே" என்றார். எனக்கும் தந்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். தட்டியது. அதோடு விரலையும் அறுத்தது. கோரையின் ஓரம் சவரக் கத்தி. இரத்தத்தைக் கண்டு நான் உட்கார்ந்துவிட்டேன், உட்கார்ந்தது தண்ணீரில்.

வெட்டிய கோரையை மேடான ஓரிடத்தில் பரப்பினார். பிறகு வில்லோக்களுக்குள் போய் ஒவ்வொரு கிளையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நெடுநேரம். கடைசியில் கை நீளத்தில் இரண்டாகக் கவர் விட்ட ஒரு கிளையை வெட்டி வந்தார்.

"இது ஏன் அண்ணை?"

"எலும்பு வேணுமே."

அதன் ஒரு கவர் உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருந்தது. எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் அதைச் சுற்றிக் கோரையை அடுக்கிக் கட்டக் கட்டத்தான், இடது தோள் சரிந்த ஒரு சின்ன ஆள் அவர் மடியில் உருவாகி வந்தான். முகம் வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இருக்கவில்லை. அவனைத் தண்ணீரோரமாகப் படுக்க வைத்தார். காலடியில் பூச்சி உருண்டை. நெஞ்சில் அரிசி. பேகிலைச் சுரண்டி எள்ளை உள்ளங்கையில் எடுத்தார். மற்றக் கையால் சதுப்புத் தண்ணீரை அள்ளினார். குனிந்து அந்த உருவத்தின் முகமிருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். வருடக்கணக்கான பழக்கம், வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"தம்பி வாற வரைக்கும் நீ…"

அதோடு நின்றார்.

கையிலிருந்த தண்ணீர் விரலிடுக்கால் ஒழுகித் தீர்ந்தது. எள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. தீப்பெட்டி அவர் பக்கத்தில் இருந்தது. அதை எடுக்கவில்லை. தம்பி வருவான் என்றால் இதை எரிக்க முடியாது. எரித்தால், இது அவன் வருகிற வரைக்கும் இருக்கிற பொருளில்லை. அவருடைய முறைக்குள் இப்படியொன்றுக்கு இடமே இருக்கவில்லை. அவர் அழவில்லை. ஊரான் வீட்டுக் கல்யாணத்தில் குலுங்கி அழுதவர், இங்கே கண்ணிமைக்காமல் குந்தியிருந்தார். வில்லோத் தூள் அவர் தலையில் மஞ்சளாகப் படிந்துகொண்டிருந்தது. "அண்ணை" என்றேன். கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மரங்களுக்கிடையில் ஒரு ஆள் தெரிந்தார். பச்சை அங்கி, முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, கண்ணில் தொலைநோக்கி. எங்களைத்தான் பார்க்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததை என் கை கால்கள் செய்தன. நான் கூட இருந்தேன், அவ்வளவே. தடயத்தை மறைக்க வேண்டும். உருவத்தைப் பறித்தேன். இரண்டு கோரைக் குத்துகளுக்கு நடுவே, கால் கீழாக, என் முழுப் பாரத்தையும் கொடுத்துச் சேற்றுக்குள் அழுத்தினேன். அது இடுப்பு வரைக்கும்தான் போனது. நான் முழங்கால் வரைக்கும் போனேன். அப்படியே இரண்டு கைகளையும் உயர்த்திச் சரணடைந்தேன்.

வந்தவர் உதட்டில் விரல் வைத்து "ஷ்ஷ்…" என்றார். பிறகு இரகசியம் போல "பொன்ஜூர்" என்றார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் நான் கொட்டினேன்: "மெர்சி, மெர்சி." அவர் எனக்குப் பின்னால் கையைக் காட்டினார். வில்லோ நுனியில் ஒரு கறுப்புக் குருவி. தோள் இரண்டிலும் சிவப்புப் பட்டி, அதன் கீழ் மஞ்சள் கோடு. அதையும் ஒரு உயரதிகாரி என்றுதான் முதலில் நினைத்தேன். மனிதர் குருவி பார்க்க வந்தவர். கை உயர்த்தி நின்ற என்னையும் குருவி பார்க்கிற ஒரு புது முறையென்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, தொலைநோக்கியை என்னிடம் தந்தார். நான் பார்த்தேன். பயத்தில் ஒரு குருவி ஐந்தாறு குருவியாகத் தெரிந்தது. "போ, போ" என்று தலையாட்டினார். போகச் சொல்கிறார் என்று நான் புறப்பட, அண்ணை முதல் தடவையாக வாய் திறந்தார்: "வடிவா இரிக்கு எண்டு சொல்றார் மனே. நில்லு."

அவர் போன பிறகு என் காலை இழுத்தேன். கால் வந்தது. சப்பாத்து வரவில்லை.

"உருவத்தை எடுக்கட்டே அண்ணை?"

அது இரண்டு கோரைக் குத்துகளுக்கிடையில், இடது தோள் சரிந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்றது. அண்ணை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு. நிக்கட்டும்."

ஒற்றைச் சப்பாத்தோடு மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். கறுப்புக் குருவி வந்து அதன் தாழ்ந்த தோளில் உட்கார்ந்திருந்தது.

அன்று இருட்டிய பிறகு தெருமுனை டெப்பனர்க் கடையின் வாசல் போனில் தாயோடு பேசினார். நான் பக்கத்தில் ஒற்றைக் காலுறையோடு நின்றேன்.

"செஞ்சிட்டியா மனே?"

"உடம்பு செஞ்சன் அம்மா."

"மறுகா?"

"தண்ணிக்குள்ள விட்டன்."

"புள்ளைக்குத் தண்ணி போதுமா மனே?"

"நிறைய இரிக்கு அம்மா. நிறையத் தண்ணி."

தாய் அழுதது எனக்கும் கேட்டது. பிறகு அவளுக்குக் கனவு நின்றுவிட்டதாம். தூங்குகிறாளாம். தூக்கம் போனது அண்ணைக்கு.

அந்த வருடம் முழுக்க அவர் எதற்கும் பதில் தேடவில்லை. குசினியில் கரட் முடிந்தால் வெறும் தட்டை அனுப்பினார். புளி இல்லை என்று நான் வேண்டுமென்றே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "இல்லையெண்டா இல்லை" என்றார். இலைகள் சிவந்து விழுந்தன. தொலைபேசிப் புத்தகம் மெலிந்தே இருந்தது. தகப்பன் ஊரிலிருந்த இன்னொரு பிள்ளைக்குக் கல்யாணம் பேசி, தாரை வார்க்க வாருங்கள் அண்ணை என்று வந்து கேட்டார்கள். "எனக்கு ஏலா" என்றார். அதை அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை படியேறிப் போன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கல்யாணத்தை வருகிற ஆனிக்குத் தள்ளிப் போட்டார்கள். என்னுடைய பயங்களெல்லாம் அந்தக் குளிர்காலத்தில் ஒரு மூலையில் ஒதுங்கி, அண்ணைக்கு என்ன ஆகுமோ என்ற இந்த ஒரு பயத்துக்கு இடம் விட்டன. கதவு தட்டினால் நானே போய்த் திறந்தேன். வேறு யாரும் திறக்கவில்லையே.

பனி உருகத் தொடங்கியதும் ஒரு நாள் அவரே சொன்னார்: "மனே, அதைப் போய்ப் பாக்கணும். அழுகி உக்கியிருக்கும். உக்கிப்போய்க் கிடந்தா, அவனும்…" நான் நல்லூர் முருகனிடம் ஒரு கோரிக்கை வைத்தேன்: அந்தக் கோரை உக்காமல் பார்த்துக்கொள். கடவுளிடம் கேட்பதற்கும் ஒரு அளவிருக்கிறது. தண்ணீருக்குள் கிடக்கிற வைக்கோல் உக்கக் கூடாதாம்.

மறுபடி வைகாசி. மறுபடி அந்தச் சரிவு. தண்ணீர், தூள், தவளைகள் எல்லாம் எங்களைப் போகவே விடாதது போல அப்படியே இருந்தன. அண்ணை முன்னால் குத்துக் குத்தாகப் போனார். நான் இம்முறை இரண்டு காலில் பின்னால் போனேன். பையில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பேகில்.

கோரை உக்கித்தான் போயிருந்தது. கட்டுகள் அவிழ்ந்து, பழுப்பாக, ஒரு கிழிந்த சட்டை போலத் தண்ணீரில் தொங்கியது. நெஞ்சு இல்லை. தலை இல்லை. ஆனால் அதற்குள்ளிருந்த எலும்பு நின்றது. நின்றது மட்டுமில்லை. உயர்ந்த தோளிலும் தாழ்ந்த தோளிலும் தளிர் விட்டிருந்தது. கூரான சின்ன இலைகள். வெயில் பட்டபோது அவை இலைகளாகக்கூடத் தெரியவில்லை, பச்சையாக ஏதோ துளித்துளியாய் நின்றது போல. பச்சை வில்லோக் குச்சியை ஈரச் சேற்றில் குத்தினால் அது வேர் விடும் என்று பிறகு சார் சொன்னார். எனக்கு அன்றைக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம், என் பயத்தில் நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மரம் நட்டிருக்கிறேன் என்பதுதான். அதே சேற்றில் என் சப்பாத்தும் ஒரு வருடம் கிடந்தது. அது முளைக்கவில்லை.

"அண்ணை!" என்று கத்தினேன். தவளைகள் நின்றுவிட்டன. "உயிரோட இருக்கிறான் அண்ணை! பாருங்கோ, உயிரோட இருக்கிறான்!"

அவர் குனிந்து, முதலில் உக்கிய கோரையைத் தொட்டார். கையோடு வந்தது. பிறகு தளிரைத் தொட்டார்.

"மரம் உயிரோட இரிக்கு மனே."

"இல்லை அண்ணை, தம்பிக்குப் பதிலா…"

"தம்பிக்குப் பதில் இல்லை." கோபமாகச் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஏசிய குரலும் இல்லை. அவருடைய சொந்தக் குரல். நான் அதிகம் கேட்டிராதது. "இது ஆருக்கும் பதிலா நிக்கேல்ல. இது மரம். அது பாட்டுக்கு நிக்குது."

தளிரிலிருந்து கையை எடுத்துவிட்டு, "உன்னட்ட எள்ளு இரிக்கா?" என்றார்.

பேகிலைக் கொடுத்தேன். ஒரு எள் விடாமல் சுரண்டி எடுத்தார். தண்ணீரை அள்ளினார். தம்பியின் பெயரைச் சொல்லி, எள்ளும் தண்ணீருமாக இறைத்தார். ஒரு தடவை, பிறகு இன்னும். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாற வரைக்கும் என்று அவர் சொல்லவில்லை. அழுதார். இம்முறை யாருடைய அழுகையையும் சேர்த்து அழவில்லை. தன்னுடையதை மட்டும் அழுதார். அது முடிய நேரமெடுத்தது. நான் குருவியைத் தேடுவது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பி வரவில்லை. அந்த ஆனியில் அண்ணை இரவல் வேட்டியைத் தேடி எடுத்து, தள்ளிப் போட்ட அந்தக் கல்யாணத்தில் அந்தப் பிள்ளையின் கையில் நீர் வார்த்தார். வெங்காயத்தாளோடு மறுபடி கதைக்கத் தொடங்கினார். எல்லாம் பழையபடி ஆனது என்று நான் சொன்னால் அது சரியில்லை. இடைக்கிடை ஏதாவது தீர்ந்துபோனால், அதைத் தீர்ந்தபடி விட்டுவிடுவார். எதை விடுவார், எதற்குப் பதில் தேடுவார் என்று எங்களால் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கு நினைவில் நிற்பது, அன்றைக்குச் சதுப்பை விட்டு ஏறி, வேலி ஓரமாக உட்கார்ந்ததுதான். எள்ளெல்லாம் போய் மொட்டையாக இருந்த பேகிலை அவர் இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். பூச ஒன்றுமில்லை, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. அவர் பையைத் திறந்து எதையும் தேடவுமில்லை. விமானம் ஒன்று எங்களுக்கு மேலால் தாழ்ந்து போனது. வெறும் பாணை அப்படியே தின்றோம்.